கை படாத சம்மன்

பனியன் கம்பெனி மேஸ்திரியையே எதிர்த்துப் பேசுகிற மயிலாள், சம்மனோடு வந்த கோர்ட்டு அமீனாவைக் கண்டதும் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள். அவள் உள்வாடகைக்கு ஆள் வைத்திருப்பதாகப் பொய் சொல்லி, காலி செய்யக் கோரி வீட்டுக்காரர் வழக்குப் போட்டிருந்தார். சம்மனைக் கையில் வாங்கினால்தான் கேஸ் பிடிக்கும் என்பது அந்த லைன் வீடுகளில் எல்லோருக்கும் இருந்த அசட்டு நம்பிக்கை. அமீனா கதவில் ஒட்டிவிட்டுப் போனார். அவள் தொடவே இல்லை. மழையில் அது தானாக உரிந்து விழுந்தது.

1967 ஐப்பசியில் அதே அமீனா போலீஸோடு வந்தார். சட்டிபானைகள் தெருவுக்கு வரத் தொடங்கின.

“சம்மனை நான் தொடவே இல்லீங்களே! அப்பறம் எப்படீங்க தீர்ப்பு?”

“கதவுல ஒட்டினாலே குடுத்த மாதிரித்தானுங்கம்மா. நீங்க வரல. அவரு சொன்னதை மட்டும் கேட்டு ஜட்ஜு எழுதிட்டாரு. ஒருதலைத் தீர்ப்புங்கறது அதுதான்.”

“என்ர ஊட்டுல நானும் என்ர புள்ளையும் மட்டும்தானுங்க இருக்கறோம். அதை ஒருத்தருமே கேக்கலீங்களே?”

அமீனா அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“அதைக் கேக்கறதுக்குத்தானுங்கம்மா சம்மன் அனுப்பினாங்க.”