பிடி என்றால் விடு

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகும் சாலையின் இரண்டு பக்கமும் அப்போது புளிய மரங்கள். பஸ்ஸின் மேலே கட்டிய மூட்டைகளில் கிளை உரசும். காற்றடித்தால் பட்ட கிளை முறிந்து பாதையில் கிடக்கும். அந்த மரங்களில் ஏறி, பட்டதைக் கழித்து, பிளந்த கவட்டைக்கு இரும்புப் பட்டை போட்டு இறுக்கி, வெட்டுவாயில் தார் பூசிவிட்டு இறங்குவது என் வேலை. மரம் வெட்டுகிறவன் என்றுதான் ஊரில் சொல்வார்கள். நானும் திருத்தியதில்லை.

இந்த வேலைக்கு இரண்டு கயிறு வேண்டும். ஒன்று இடுப்புக் கயிறு. மேலே போய்ச் சேர்ந்ததும் அதைக் கிளையோடு சேர்த்துக் கட்டிக்கொள்வேன். மற்றது நீளமான மணிலாக் கயிறு. என் இடுப்பில் தொடங்கி, உச்சிக் கவட்டை மேலாகப் போய், கீழே இறங்கி, அடிமரத்தில் இரண்டு சுற்று சுற்றி, ஒரு ஆளின் கையில் முடியும். அந்த ஆள் கண்ணை எடுக்காமல் மேலே பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். நான் நகர்ந்தால் விட வேண்டும், வழுக்கினால் பிடிக்க வேண்டும். அரிவாளும் ரம்பமும் எனக்கு அப்புறம்தான். முதலில் அந்தக் கைகள்.

என் சித்தப்பா மகன்தான் பல வருஷம் எனக்குக் கயிறு பிடித்தான். எனக்குக் கல்யாணமான கொஞ்ச நாளில் பெங்களூரில் ஒரு ஃபேக்டரியில் அவனுக்கு வேலை கிடைத்துப் போய்விட்டான். அப்போது எங்கள் பக்கத்தில் பலர் அப்படிப் போனார்கள். அதற்குப் பிறகு கூலிக்கு வந்த ஆள், நான் உச்சியில் இருக்கும்போது கயிற்றைத் தொடையில் இடுக்கிக்கொண்டு பீடி பற்றவைப்பான்.

அதைப் பார்த்தவள் என் மனைவி. எனக்கு அத்தை மகள். அத்தையைக் கட்டிக்கொடுத்தது அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் என்பதால் கன்னடத்திலேயே வளர்ந்தவள். தமிழ் புரியும், பேச வராது. எங்கள் வீடு ஒரே அறை. அப்பா, அம்மா, நாங்கள். பெரியவர்கள் எதிரில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வது வழக்கமில்லை. கல்யாணமாகி மூன்று மாதத்தில் நாங்கள் பேசியதெல்லாம் சேர்த்தால் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கும்.

சூளகிரி பக்கம் வேலை நடந்தபோது மத்தியானக் களி கொண்டுவந்தவள், பீடி ஆளைப் பார்த்தாள். தூக்குச்சட்டியை வைத்துவிட்டு நேராகப் போய் அவன் கையிலிருந்த கயிற்றை வாங்கினாள்.

"நானு ஹிட்கோதீனி" என்றாள். நான் பிடித்துக்கொள்கிறேன் என்று அர்த்தம்.

எங்களை வேலை வாங்கும் மேஸ்திரி பதறிக்கொண்டு ஓடிவந்தார். "ஏம்மா, இது என்னா வெளையாட்டா? ஆம்பளைங்களே தெணர்ற வேலை."

மேலேயிருந்து நான் சொன்னேன். "இருக்கட்டும் மேஸ்திரி. அது ஊர்ல கவலை ஓட்டுன புள்ள. கயிறு அதுக்குப் புதுசில்ல."

அது பொய்யில்லை. அவர்கள் தோட்டத்துக் கிணறு ஆழம். கவலையில் மாடு இழுக்க, தண்ணீரோடு தோல் சால் மேலே வர, அந்தக் கயிற்றோடுதான் அவள் பத்து வயதிலிருந்து நின்றிருக்கிறாள்.

அன்றைக்கு அவள் கையில் கயிறு இருப்பதே தெரியவில்லை. நான் காலை நீட்ட நினைக்கும்போதே கயிறு இளகும். நின்றால் நிற்கும். ஒரு வார்த்தைகூடத் தேவைப்படவில்லை. அப்படியே ஒரு வாரம் ஓடியது.

பிறகு ஒரு நாள், பக்கவாட்டுக் கிளை ஒன்றில் காலை ஊன்றினேன். பட்டை உரிந்து கால் வழுக்கியது. வருஷக்கணக்கில் கூப்பிட்டுப் பழகிய வார்த்தை தானாக வந்தது.

"பிடி! பிடி!"

கயிறு விட்டுப்போயிற்று.

ஆள் உயரத்துக்கு விழுந்து, இடுப்புக் கயிறு விலாவில் வெட்ட, தலைகீழாகத் தொங்கினேன். அந்தக் கயிற்றைக் கட்டியிருக்காவிட்டால் இதை எழுத நான் இல்லை. மூச்சு வரவில்லை. கீழே யாரோ அலறினார்கள். கொஞ்ச நேரத்தில் மணிலாக் கயிறு மறுபடி இறுகியது. இடுப்புக் கயிற்றை அவிழ்க்கச் சொல்லி அவள் சைகை காட்டினாள். இப்போதுதான் விட்டவள், இவளை நம்பி அவிழ்ப்பதா என்று ஒரு நொடி யோசித்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். அவிழ்த்தேன். நிறைந்த குடத்தை இறக்குவதுபோல என்னை இறக்கினாள். ஒரு குலுக்கல் இல்லை.

தரையில் கால் பட்டபிறகுதான் கயிற்றைப் பார்த்தேன். ஒரு முழ நீளத்துக்குச் சிவப்பாக இருந்தது. நான் விழுவதைக் கண்டு, ஓடிக்கொண்டிருந்த கயிற்றை எட்டிப் பிடித்திருக்கிறாள். இரண்டு உள்ளங்கையிலும் தோல் இல்லை. அந்தக் கைகளால்தான் என்னை இறக்கியிருக்கிறாள்.

"நீவே பிடு அந்த்ரி" என்று அழுதாள். நீங்களேதான் "பிடு" என்றீர்கள் என்று அர்த்தம். "நீவே பிடு அந்த்ரி."

மேஸ்திரிதான் முதலில் புரிந்துகொண்டார். தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "அடப்பாவிங்களா. கன்னடத்துல பிடுன்னா விட்டுடுன்னு அர்த்தம்டா. நீ பிடின்னு கத்துற, அந்தப் பொண்ணு நீ விடச் சொன்னேன்னு விட்டுடுச்சி."

எனக்கும் கன்னடம் தெரியும். சந்தையில் தினம் பேசுவதுதான். மரத்தின் மேல் அது ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் அம்மா களி கிண்டி வட்டிலில் வைத்தாள். இவள் துணி சுற்றிய கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் என் வட்டிலை நகர்த்திவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். களியைக் கிள்ளி, கீரைக் குழம்பில் தோய்த்து நீட்டினேன். அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனாள். குடத்தில் தண்ணீர் நிறைய இருந்தது எனக்குத் தெரியும். அப்பாவும் ஆட்டைப் பார்த்து வருவதாகச் சொல்லி எழுந்தார்.

"வலிக்குதா?" என்றேன்.

"உங்களுக்கு?"

அவள் என்னோடு பேசிய முதல் முழுத் தமிழ் வார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன். சட்டையைத் தூக்கி விலாவைக் காட்டினேன். கயிற்றின் முறுக்கு அப்படியே பதிந்து கன்றியிருந்தது. அதைப் பார்த்து மறுபடி அழ ஆரம்பித்தாள். வாயில் களியோடு அழுததில் புரையேறி, நான் தலையில் தட்ட, இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கை ஆறும்வரை தினம் நான்தான் ஊட்டினேன். ஊட்டும்போது பேசினோம். இரண்டு பாஷையிலும் ஒரே அர்த்தமுள்ள வார்த்தைகளாகத் தேடினோம். பிடிப்பதற்கு "நில்லு". கயிறு விட "தா". மேலே போக "ஏறு". மூன்றும் அவளுக்கும் எனக்கும் பொது. கை ஆறியதும் வீட்டு வாசலில் கயிற்றைக் கட்டிப் பழகினோம். நான் "தா, தா" என்று கத்த, அவள் "நில்லு" என்று திருப்பிக் கத்த, பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப்பார்த்து, "கல்யாணமாயி வருசம் திரும்பல, அதுக்குள்ள சண்டையா?" என்றார்.

அந்த வார்த்தைகளும் பயன்படாத இடம் ஒன்று வந்தது. மத்திகிரி மாட்டுப் பண்ணையில் கொட்டகைமேல் சாய்ந்திருந்த ஒரு பட்டுப்போன தூங்குமூஞ்சி மரம். கிளைகளை நான் கைரம்பத்தால் கழிக்க வேண்டும். அடிமரத்தை அறுக்க ஒரு பெட்ரோல் ரம்பம் வந்திருந்தது. சைக்கிள் சங்கிலி மாதிரி, ஆனால் பல் வைத்தது. இரண்டு பேர் தூக்க வேண்டும். நான் மேலே இருக்கும்போதே அதைக் கொண்டுவந்தவர் ஓட்டிப்பார்க்க ஆரம்பித்துவிட்டார். அந்தச் சத்தத்தை நாங்கள் யாரும் கேட்டதில்லை. மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை.

கீழே பார்த்தேன். அவள் கயிற்றை அடிமரத்தில் இன்னும் ஒரு சுற்று சுற்றி, நுனியை இடுப்பில் முடிந்து, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடியே ரம்பக்காரரைக் கன்னடத்தில் ஏசினாள். சத்தம் நின்ற பிறகும் ஏச்சு நிற்கவில்லை. அவர் சேலத்துக்காரர். ஒன்றும் புரியாமல், "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்றார். மேலே ஆள் இருக்கும்வரை அப்புறம் அவர் அதைத் தொடவேயில்லை.

நான் இறங்கியதும் சமாதானமாக, "பிடிச்சிப் பாக்கறீங்களா?" என்று ரம்பத்தின் மறுமுனையை என்னிடம் கொடுத்தார். நாள் முழுக்க நான் அறுக்கும் மரத்தை அது கொஞ்ச நேரத்தில் அறுத்துப் போட்டது. கையெல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. சாயங்காலம் டம்ளர் பிடிக்க முடியாமல் கை ஆடியது. அவள் ஊதி ஊதி டீ குடிக்கவைத்தாள். அன்றிலிருந்து வார்த்தையோடு இழுப்பையும் சேர்த்துக்கொண்டோம். ஒரு இழுப்பு என்றால் நில்லு.

கெலமங்கலம் சாலையில் ஒரு காலை வேலை. அதற்குள் அவளுக்குத் தமிழ் பேச வந்துவிட்டிருந்தது. நான் புளிய மரத்தின் பாதியில் இருந்தேன். கீழேயிருந்து அவள் கூப்பிட்டாள்.

"மாமா, நாளையிலேர்ந்து வேற ஆள் பாத்துக்குங்க."

"ஏன், கை வலிக்குதா?"

"கை இல்ல."

"பின்ன?"

சாலையில் யாராவது வருகிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தாள். "கயிறு இழுக்கக் கூடாதுன்னு அத்தை சொன்னாங்க. இது ரெண்டாவது மாசமாம்."

புரிய எனக்குக் கொஞ்ச நேரமாயிற்று. புரிந்ததும் கிளையைக் கட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வீட்டில் சொல்ல இடமில்லாமல், இத்தனை வெளிச்சத்தில், மரத்தின் மேலிருக்கும் ஆளிடம் கத்திச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று நினைத்தேன்.

"இப்பயே கயிற்ற மேஸ்திரிகிட்ட குடு. நீ நிழல்ல உக்காரு" என்றேன்.

"நீங்க எறங்கற வரைக்கும் யார்கிட்டயும் தரமாட்டேன்" என்றாள். பிறகு தலையைச் சாய்த்து, என் தோளுக்கு மேலே தொங்கிய கிளையைப் பார்த்தாள். "அது பிஞ்சுதானே?"

இலைக்குள் பச்சையாகச் சடை சடையாகப் புளியம்பிஞ்சு தொங்கியது. ஒரு கைப்பிடி பறித்து, தலைத்துண்டின் முனையில் முடிந்து, மெதுவாகக் கீழே போட்டேன். ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் அவள் முடிச்சை அவிழ்த்தாள். புளிப்பில் ஒரு கண்ணை மூடிக்கொண்டாள். மற்றக் கண் என்மேலேயே இருந்தது.