மகன் இல்லை என்று சொன்ன அம்மா

எங்கள் அம்மா கண்மூடி இன்றோடு ஓராண்டு. என் பொறாமையை மறைத்துவிட்டு அவரைப் பற்றி இந்த நினைவு மலரில் எழுத எனக்குத் தெரியவில்லை. உறவினர் பொறுத்தருள வேண்டும்.

அம்மா பர்மாவில், மோல்மேனில் பிறந்தவர். அப்பா அங்கேயே காலமானார். அறுபதுகளில் நம்மவர்கள் அங்கிருந்து வெளியேறித் தமிழகத்துக்குக் கப்பலேறியபோது அண்ணன் வரவில்லை. தனிநாடு கேட்டுக் காட்டில் போரிட்ட கரேன் மக்களோடு சேர, அந்த இனத்துப் பள்ளித் தோழர்கள் பின்னால் போய்விட்டார். அம்மாவும் பன்னிரண்டு வயதான நானும் திருமுல்லைவாயிலில் குடியேறினோம்.

அம்பத்தூரில் திருகாணிப் பட்டறையில் நாளெல்லாம் நின்றபடி வேலை செய்து அம்மா என்னைப் படிக்கவைத்தார். பேச்செல்லாம் அண்ணன்தான். தீபாவளிக்கு எனக்குச் சீட்டிப் பாவாடை. வராத அண்ணனுக்குச் சட்டைத் துணி. நான் பள்ளி இறுதித் தேர்வில் தேறிய அன்றும், அவன் இருந்தால் மகிழ்வானே என்று அழுதார். கூடவே இருந்தவள் கண்ணில் படவில்லையே என்று குமுறினேன்.

பிறகு ஆவடி குடியிருப்பிலிருந்து என்னைப் பெண் கேட்டார்கள். மாப்பிள்ளைக்கு ராணுவத் தொழிற்சாலையில் வேலை. பெண்ணின் அண்ணன் ஆயுதம் ஏந்தியவர் என்றால் பின்வாங்குவார்களோ என்று பயம். எங்கள் வீட்டுக்கார அம்மாள் சொன்னார்: "புள்ள எங்க கீறான்னு கேட்டா, செத்துப் பூட்டான்னு சொல்லிடும்மா. பொண்ணு ஒரு ஊட்டுக்குப் போவ வேணாமா?"

அம்மா சொல்லமாட்டார் என்றே நினைத்தேன். வந்தவர்கள் கேட்டதும், கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். "எனக்கு இவ ஒருத்திதாங்க. பையன் தவறிட்டான்."

திருமணம் நிச்சயமானது. அன்று முழுவதும் அம்மா சாப்பிடவில்லை. என் நல்ல நாளையும் அண்ணன் எடுத்துக்கொண்டார் என்று எரிந்தேன்.

மூன்று ஆண்டுகள் கழித்து, பர்மாவிலிருந்து வந்த ஒருவரிடம் அண்ணன் கடிதம் கொடுத்தனுப்பியிருந்தார். எழுத்தறியாத அம்மா அதை ஆவடிக்குக் கொண்டுவந்து, என் கணவர் வேலைக்குப் போகும்வரை தெருமுனையில் காத்திருந்தார். காலில் குண்டடி பட்டது, அம்மா கைச் சோற்றின் நினைவு என்று அண்ணன் பக்கம் நிறைய எழுதியிருந்தார். என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை.

படித்து முடித்ததும் அம்மா ஒன்றுதான் கேட்டார்.

"உன்ன விசாரிச்சிருக்கானா?"

"விசாரிச்சிருக்காரும்மா."

"விசாரிக்கணும்ல. உனக்காகத்தானே அவன செத்தான்னு சொன்னேன்."

அன்றிரவே என் கணவரிடம் எல்லாம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. காமாலையில் கிடந்த கடைசி மாதங்களில் அம்மாவை எங்கள் வீட்டிலேயே வைத்துப் பார்த்தோம். கொள்ளி வைத்தவரும் என் கணவரே. அவருக்கும், முறைபோட்டு வந்து துணையிருந்த பட்டறைத் தோழியருக்கும், வீட்டுக்கார அம்மாளுக்கும் என் நன்றி. கணவர் வீட்டார் இந்த உண்மையை இங்கேதான் அறிகிறார்கள், மன்னிக்க வேண்டுகிறேன்.

அண்ணன் இருக்கும் இடம் தெரியவில்லை. அம்மாவின் மக்கள் இருவர் என்று இந்த மலருக்காக அச்சகத்துக்கு எழுதிக்கொடுத்தேன். மூத்தவர் என்பதால் அண்ணன் பெயர் முதலில் வரும் என்றார்கள். இப்போதும் மனம் பொறுக்கவில்லை. அப்படியே போடச் சொன்னேன்.