என் வயலில் ஓர் ஆள் குறைந்த நாள்

சிங்கப்பூரில் நான் சாலையோரப் புல் வெட்டுகிறேன். இங்கே புல்லைக் கதிர் தள்ள விடுவதில்லை. ஒருநாள் ஓரிடத்தில் நெல்லைப் போலக் கதிரோடு நின்ற புல்லைப் பார்த்ததும் மிஷினை நிறுத்திவிட்டேன். சூப்பர்வைசர் சீனப் பெரியவர். நான் பாம்பைக் கண்டுவிட்டதாக நினைத்துக் கழியோடு ஓடிவந்தார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். என் படிப்பு ஐந்தாவதோடு நின்றது. ஆனால் பேச வேண்டிய இடத்திலெல்லாம் என்னை நிறுத்தியது படிப்பில்லை, கூச்சம்தான்.

போன வருஷம் சம்பா நடவுக்கு ஊருக்குப் போனேன். எங்கள் வயல் கீழ்வேளூர் பக்கம். சிங்கப்பூர் வேலை பெர்மிட்டைப் புதுப்பிப்பதா, ஊரோடு இருந்துவிடுவதா என்பதை வயலில் இறங்கிப் பார்த்துத்தான் சொல்வேன் என்று மனைவி செல்வியிடம் சொல்லியிருந்தேன். எங்கள் தெரு ஆண்கள் துபாயிலும் திருப்பூரிலும் இருக்கிறார்கள். நடவு நட்ட பெண்களுக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. இப்போது மேற்கு வங்கத்து ஆட்கள் வந்து நடுகிறார்கள்.

காலையில் பெட்டியை வீட்டில் வைத்துவிட்டு, கைலியை மடித்துக் கட்டி நேரே வயலுக்குப் போனேன். செல்வி வீட்டில் நடவு ஆட்களுக்கு டீ போட்டுக்கொண்டிருந்தாள். அன்று ஓர் ஆள் குறைவு. ஒருவரை அனுப்புவதாக ஆள் பிடித்துத் தரும் ஏஜென்ட் சொல்லியிருந்தாராம். அவர்களுடைய மேஸ்திரி என்னைக் கண்டதும், "வா அண்ணா, லேட்டு. கட்டு தூக்கு" என்றார். இது என் வயல் என்று சொல்ல வாய் வரவில்லை. நாற்றுக்கட்டுகளைச் சுமந்து போட்டேன். பன்னிரண்டு வருஷம் கழித்துச் சேறு காலைப் பிடித்து இழுத்தது. பக்கத்தில் நட்டவர் பீடி நீட்டினார். ஊரில் தனக்கும் வயல் இருக்கிறது, அதை இப்போது யார் நடுகிறார்களோ என்று அரைகுறைத் தமிழில் சொன்னார்.

செல்வி டீத்தூக்கோடு வரப்பில் வந்து நின்று சிரித்தாள். "ஏங்க, ஊருக்கு வந்ததும் கூலிக்கு எறங்கிட்டீங்களா?"

மேஸ்திரிக்கு முகம் மாறிவிட்டது. என் கையிலிருந்த கட்டைப் பதமாக வாங்கிக்கொண்டார்.

"மொதலாளி, மேல ஏறுங்க."

அண்ணா என்று கூப்பிட்ட வாய் மொதலாளி என்று மாறிவிட்டது. ஏறி வரப்பில் உட்கார்ந்தேன். அவர்கள் குனிந்தபடியே பின்னால் நகர்ந்து நட்டுக்கொண்டு போனார்கள். நான் நடந்த தடங்களின் மேல் நாற்று ஏறியது. ஏஜென்ட் அனுப்பிய ஆள் அப்போதுதான் மூச்சிரைக்க வந்து, நான் நின்ற இடத்தில் இறங்கினார்.

"என்ன முடிவு பண்ணீங்க?" என்றாள் செல்வி.

"பெர்மிட்டப் புதுப்பிச்சிடுறேன்" என்றேன்.

காலில் சேறு காய்ந்து இறுகிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே வாய்க்கால் ஓடியது. கழுவ எழுந்திருக்காமல், பொழுது சாயும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.