ஜெர்மனியில் ஒரு மடிப்பிச்சை

ஆடி மாதத்தில் எங்கள் உத்திரமேரூர்ப் பக்கம் வந்திருக்கிறீர்களா? தெருவுக்குத் தெரு அம்மன் பாட்டு... காது கிழிந்துவிடும்.

போன ஞாயிற்றுக்கிழமை, அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் ஜெர்மனியிலிருந்து என் தங்கை சுமதி வீடியோ காலில் வந்தாள். மஞ்சள் புடவை, நெற்றி நிறையக் குங்குமம். வேப்பிலைக்கு அங்கே எங்கே போவாள்?

"அக்கா, மடிப்பிச்சைக்குக் கெளம்பிட்டேன்."

தூக்கிவாரிப் போட்டது எனக்கு.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பிள்ளைக்கு முடியாமல் போனால் எங்கள் பக்கத்துப் பெண்கள் வேண்டிக்கொள்வது இது. பிழைத்து எழுந்தால், வீடு வீடாகப் போய் மடியேந்தி தானியம் வாங்கி, அதில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். கடையில் மாவு வாங்கிக் காய்ச்சினால் ஆகாதா? ஆகாது. கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

மாசியில் சுமதியின் மகனுக்கு மூளைக்காய்ச்சல். ஐ.சி.யூ. வாசலில் நின்று வேண்டிக்கொண்டாள். பிழைத்துவிட்டான்.

"ஏண்டி, நான் இங்க ஒனக்குப் பதிலா எடுத்து ஊத்திடறேன்னு சொன்னனே?"

"வேண்டிக்கினது நானு. நீ கையேந்தினா அது எப்பிடிக்கா என் வேண்டுதலாவும்? குடியிருக்கற தெருவுலதான கேக்கணும்?"

அவள் வீட்டுக்காரர் பாலு போனைப் பிடுங்கினார். "அக்கா, நீங்களாவது சொல்லுங்க. குடியுரிமைக்கு எழுதிப் போட்டுகீறோம். பிச்சை எடுக்கறாங்கன்னு எவனாவது கம்ப்ளைண்ட் குடுத்தா பேஜாராயிடும்."

அவர் பயமும் நியாயம்தான். பிழைக்கப் போன இடத்தில் யார் கண்ணையும் உறுத்தாமல் இருந்துவிடத்தானே பார்க்கிறோம்? அவர்கள் உடை, அவர்கள் மொழி, தாளிக்கிற வாசம் வெளியே போகாமல் ஜன்னலைச் சாத்திக்கொள்வது... இத்தனை வருஷம் சுமதியும் அப்படித்தான் இருந்தாள்.

"போய்ட்டு வரேன்க்கா" என்று வைத்துவிட்டாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

சாயங்காலம் மறுபடி கூப்பிட்டாள். முதல் கதவு, எதிர் ஃபிளாட் கிழவர். மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சாத்திவிட்டாராம்.

"அழுகையா வந்துச்சுக்கா. ஆனா மடிய எறக்கல."

அடுத்த வீட்டில் ஒரு அம்மா. ஆம்புலன்ஸ் வந்த அன்றைக்கு ஜன்னலில் நின்று பார்த்தவராம். விஷயத்தைச் சொன்னதும், "அந்தப் பையனா? நல்லா இருக்கானா?" என்று கேட்டு ஓட்ஸ் கொண்டுவந்து போட்டிருக்கிறார். மேல் மாடி சிரியாக்காரப் பெண் கோதுமை ரவை. தனியாகத் தங்கிப் படிக்கிற ஒரு பெண்ணிடம் வேறொன்றும் இல்லை... பாஸ்தா!

கேழ்வரகு ஒரு பிடிகூட இல்லாத கூழ். ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே, வேண்டுதல் நிறைவேறிவிட்டது.

கொடுத்த வீட்டுக்கெல்லாம் மகனோடு போய்க் கூழ் கொடுத்திருக்கிறாள். கதவைச் சாத்தின கிழவருக்கும்.

"அந்தாளுக்கு எதுக்குடி?"

"அம்மன் கூழ ஆள் பாத்தா ஊத்துவாங்க? வாங்கிக்கினாரு."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த வேகத்தில் சொன்னேன்: "அடுத்த ஆடிக்கு லீவு போட்டுட்டு வந்துடு. நம்ம கோயில்லயே சேந்து ஊத்தலாம்."

"ஆடிக்கு எப்பிடிக்கா வர முடியும்? இங்க பக்கத்து வீட்டுக்காரங்க அடுத்த வருஷம் கூழு எப்போன்னு இப்பவே கேட்டுக்கினு கீறாங்க. தை மாசம் வரேன்."

குடியுரிமையை அந்த அரசாங்கம் மெதுவாகக் கொடுக்கட்டும். என் தங்கைக்கு அங்கே ஊர் கிடைத்துவிட்டது.

எனக்குத்தான்... இனி ஆடியில் தங்கச்சி கிடையாது.