டீயில் கலந்த மாத்திரை

என் அக்காவை யாரும் ஏமாற்ற முடியாது. துணி ஆலையில் தைத்து வரும் சட்டைகளைச் சரிபார்ப்பது அவள் வேலை. ஒரு தையல் விட்டிருந்தாலும் சட்டை அவள் மேஜையைத் தாண்டாது. அவள் கணவர், லிஃப்ட் மெக்கானிக்கான மாமாவுக்குப் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் வந்தபின் வீட்டிலும் அதே வேலைதான். மாத்திரையை விழுங்கி வாயைத் திறந்து காட்டினால்தான் அவருக்குச் சாப்பாடு.

அந்தக் கட்டிக்கு ஆண் ஹார்மோன்தான் தீனி. செல்லுக்குள் ஹார்மோன் போய் உட்கார ஓர் இடம் உண்டு, ஏற்பி என்பார்கள். மாத்திரை முந்திக்கொண்டு போய் அந்த இடத்தை மறித்துக்கொள்ளும். ரத்தப் பரிசோதனையில் நோயின் வேகத்தைக் காட்டும் எண் மளமளவென்று இறங்கியது. அக்கா தெருவெல்லாம் மாத்திரையின் புகழ் பாடினாள். பிறகு எண் மறுபடி ஏறியது.

டாக்டரம்மா கட்டியில் ஒரு துணுக்கை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்.

"அந்த ஏற்பி ஒரு புரதம். நூத்துக்கணக்கான அமினோ அமிலத்தைக் கோத்தது. உங்க கட்டியில அதுல ஒண்ணே ஒண்ணு மாறிப்போச்சு. இப்ப மாத்திரை போய் உக்காந்தாலே ஹார்மோன் வந்த மாதிரி அது வேலை செய்யுது. மாத்திரையை நிறுத்திடுங்க. ஹார்மோன் சுரக்கிறதைக் குறைக்கப் போடுற ஊசி மட்டும் தொடரட்டும்."

மாமா சிரித்தார். "ஒரு வயர் மாறியிருக்கு. நிறுத்துற பட்டனை அமுக்கினா லிஃப்ட் மேல ஏறுது. புரியுது டாக்டர்."

அக்காவுக்குப் புரியவில்லை. வெளியே வந்ததும் என்னிடம் பொரிந்து தள்ளினாள்.

"இத்தனை நாள் நல்லா வேலை செஞ்ச மாத்திரைடா. அதை நிறுத்தச் சொன்னா, கைகழுவிட்டாங்கன்னுதானே அர்த்தம்?"

கொஞ்ச நாளில் மாமா டீயைக் குறை சொல்ல ஆரம்பித்தார். "என்னம்மா, கசக்குது?"

"உங்க நாக்கு கெட்டுப்போச்சு. பேசாம குடிங்க."

நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

அடுத்த சோதனையில் எண் இரண்டு மடங்காகியிருந்தது. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "நிறுத்தியும் ஏறுதுன்னா அடுத்தது கீமோதான். இவர் உடம்பு தாங்குமான்னு பயமா இருக்கு."

அக்கா கைப்பையிலிருந்து பாதி காலியான மாத்திரை அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "நிறுத்தலை டாக்டர். பொடிச்சு டீயில போட்டேன்."

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"இன்னையிலேர்ந்து நிஜமாவே நிறுத்துங்க. சில பேருக்குக் குறையும். இவருக்குக் குறையுமான்னு பாத்துதான் சொல்லணும்."

வழியெல்லாம் எனக்கு அக்காமேல் அப்படியொரு கோபம். அவள் முகத்தைப் பார்த்ததும் அதைக் காட்ட முடியவில்லை.

மறுநாள் காலை அவள் டீ கொண்டுவந்தாள். மாமா ஒரு வாய் குடித்தார்.

"இன்னைக்குக் கசக்கலை."

அக்கா அவர் காலடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அந்தக் கட்டியை நானே ஊட்டி வளத்துட்டேங்க."

மாமா டம்ளரைக் கீழே வைக்கவில்லை. இருந்த டீயை முழுவதும் குடித்தார்.