கண் கட்டிய கப்பல்

ராயபுரத்தில் நான் டீச்சராகச் சேர்ந்தபோது சுதந்திரம் வந்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. வேலை தற்காலிகம். வருஷக் கடைசியில் ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வந்து நான் பாடம் நடத்துவதைப் பார்ப்பார். அவர் சரி என்று எழுதினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் திருநெல்வேலிக்கு ரயிலேற வேண்டியதுதான். அங்கே அப்பா எனக்காக ஒரு பலசரக்குக் கடைக்காரரைப் பார்த்து வைத்திருந்தார். அந்த மாப்பிள்ளையை ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். புளி நிறுத்துக்கொண்டிருந்தார், தலை நிமிரவே இல்லை. ஆகவே இன்ஸ்பெக்டரைத்தான் மலைபோல் நம்பியிருந்தேன்.

எங்கள் பள்ளிக்கூடம் முன்பு உப்புக் கிடங்காக இருந்த கட்டடம். வாசலில் நுழைந்து மூன்று திருப்பம் திரும்பினால் என் ஐந்தாம் வகுப்பு. ஜன்னல் கிடையாது, கூரைக்குக் கீழே கையகல ஓட்டைகள்தான். நாற்பது பிள்ளைகள். பாதிப் பேருடைய அப்பாக்கள் கட்டுமரத்தில் போகிறவர்கள், மீதிப் பேருடையவர்கள் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள். பூகோளப் புத்தகத்தைத் திறந்தாலே வகுப்பு மொத்தமும் கொட்டாவி விடும். அந்தப் புத்தகம் அப்படி, எனக்கே கொட்டாவி வரும்.

அதனால் ஒரு விளையாட்டு ஏற்பாடு செய்தேன். தரை முழுக்கச் சாக்கட்டியால் கடலும் கரையும் துறைமுகமும் வரைந்தேன். பாறைகளுக்குப் பதில் பெஞ்சுகள். ஒரு பிள்ளைக்குக் கண்ணைக் கட்டிவிட்டால் அதுதான் கப்பல். "வடக்கே ரெண்டு அடி, கிழக்கே ஒண்ணு" என்று மற்றவர்கள் கத்தி, கப்பலை இடிக்காமல் துறைமுகத்துக்குள் கொண்டுவர வேண்டும். திசை தெரிய வேண்டுமே என்று நாலு சுவரிலும் திசைப் பெயரை எழுதினேன். வடக்கு எது என்பதில் எனக்குச் சந்தேகமே எழவில்லை. தேசப்படத்தில் வடக்கு மேலே. தேசப்படம் மாட்டியிருந்தது கரும்பலகைச் சுவரில். நான் பயிற்சி எடுத்த பள்ளியிலும் அந்தச் சுவர்தான் வடக்கு. அப்புறம் என்ன?

"அது வடக்கு இல்ல டீச்சர்" என்று முதல் நாளே ஒரு பையன் எழுந்தான். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். எது வடக்கு என்று அவன் சொல்வதற்குள், "டீச்சர் நீயா, நானா?" என்று பெஞ்சு மேல் ஏற்றிவிட்டேன். அதற்கப்புறம் யாரும் வாயைத் திறக்கவில்லை. விளையாட்டு அமர்க்களமாக நடந்தது. பிள்ளைகள் மணியடித்தும் வெளியே போக மாட்டோம் என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்தார். தலைப்பாகை, கோட்டு, சிரிப்பே அறியாத மீசை. கப்பல் இரண்டு நடை போய்வந்ததும் அந்த மீசை கொஞ்சம் அசைந்தது. மூன்றாவது நடைக்கு அவரே உத்தரவு போட ஆசைப்பட்டார். கப்பலாக நின்றது ஒரு மீனவர் வீட்டுச் சிறுமி.

"வடக்கே நாலு அடி!" என்றார்.

சிறுமி ஒரு காலைத் தூக்கினாள், அப்படியே நின்றாள். "எந்த வடக்கு சார்?"

"எந்த வடக்கா?"

"டீச்சர் வடக்கா, நெச வடக்கா? இங்க ரெண்டு கீது சார்."

"தப்புன்னு தெரிஞ்சா டீச்சரிடம் சொல்றதுதானே?" என்று அவர் கேட்டார்.

"சொன்னா டீச்சர் பெஞ்சு மேல ஏத்திடும் சார். அதான் இஸ்கூலுக்கு ஒண்ணு, வூட்டுக்கு ஒண்ணுன்னு வெச்சிகினோம். இன்னா சார், ரெண்டும் தெரிஞ்சிகினா நல்லதுதானே?"

அவமானத்தில் பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. புளிமூட்டையும் தராசும் கண்முன் வந்து நின்றன.

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "அப்படியானால் நிஜ வடக்கு எது? நீங்களே காட்டுங்கள் அம்மா."

கரும்பலகை போனால் பாக்கி மூன்று சுவர். கடல் எந்தப் பக்கம், ரயிலடி எந்தப் பக்கம் என்று யோசித்தால் வரும் வழியிலிருந்த மூன்று திருப்பமும் தலைக்குள் சுற்றின. அப்போதுதான் அவர் முதுகுக்குப் பின்னால் கவனித்தேன். பிள்ளைகளின் முகவாய்கள் எல்லாம் சத்தமில்லாமல் இடது பக்கச் சுவரை நோக்கி நீண்டு காட்டின. கண்ணைக் கட்டியிருந்த சிறுமிகூட மூக்கைச் சொறிகிற சாக்கில் முழங்கையை அந்தப் பக்கமே நீட்டினாள்.

அந்தப் பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது. அழாமல், ரொம்பத் தெரிந்தவள்போல இடது சுவரைக் காட்டினேன்.

அவர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இருமினார். வடக்கு எதுவென்று அவருக்கும் தெரியாது என்பது இன்றைக்கும் என் சந்தேகம். நோட்டுப் புத்தகத்தில் 'நிரந்தரம் செய்யலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து ஒரு வரி எழுதினால்கூட பிரம்பெடுத்து வெளுத்து வாங்குகிறவள் நான். அன்றைக்கு நாற்பது பேரைப் பார்த்துக் காப்பியடித்துப் பாஸானேன்.