இருவாட்சிக்கு விட்டுவைத்த மரம்

எழுபதுகளில் நான் திருவனந்தபுரத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆசிரியை. மரம் வெட்டிய காட்டுக்குப் பறவைகள் திரும்புகின்றனவா என்று பார்க்க, விடுமுறை விட்டால் பொன்முடி அடிவாரத்துக்கு பஸ் ஏறிவிடுவேன். "காலேஜ்ல சம்பளம் வாங்கிண்டு, லீவு விட்டா காட்டுல குருவி பாக்கப் போறது என்ன வேலடி?" என்று கரமனை வீட்டில் அம்மா புலம்புவாள்.

பல வருஷம் முன்பு வெட்டிய பகுதியில் ஒரே கூச்சல். கொண்டைக்குருவி, தவிட்டுக்குருவி, மைனா. வெயிலும் புதரும் கிடைத்தால் எங்கும் குடியேறிவிடுகிற ஜாதி. அடர்ந்த காட்டுப் பறவை ஒன்றுகூடத் திரும்பவில்லை. வனத்துறை அதிகாரிக்கோ சத்தம் கேட்டால் போதும். "பட்சியெல்லாம் வந்நல்லோ டீச்சரே, பின்னெ எந்தா?" என்றார். அடுத்த பகுதியையும் வெட்ட உத்தரவு போட்டாகிவிட்டது.

அங்கேதான் ஒரு பெரிய மரத்தின் பொந்தில் இருவாட்சி கூடு வைத்திருந்தது. பெண் உள்ளே போய் வாசலைப் பூசி அடைத்துக்கொண்டிருந்தது. அலகு நுழையும் இடுக்கு மட்டும் பாக்கி. அது வழியாக ஆண் பழம் ஊட்டும். உள்ளே சிறகுகள் உதிர்ந்துவிடுவதால் பெண்ணால் பறந்து தப்பவும் முடியாது. வெட்டுகிறவர்களுக்கும் மழைக்கு முந்திய அதே மாதங்கள்தான் வேலைக்காலம். என்ன பொருத்தம் பாருங்கள்!

அதிகாரியிடம் சண்டை போட்டேன். அவர் கான்ட்ராக்டரைக் கைகாட்டினார். சாலை பஜாரில் மரக்கடை வைத்திருந்த நாகர்கோவில்காரர். மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"பொந்து மரம்லா டீச்சர், அறுத்தா பலகை தேறாது. ஒங்க பறவைக்கே இருக்கட்டும்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் சொன்ன சொல் தவறவுமில்லை. அடுத்த லீவில் போனபோது மரம் நின்றது. அது மட்டும்தான் நின்றது. அத்தியும் ஆலும்கூடப் பலகைக்கு ஆகாதவைதான். ஆனால் லாரிப் பாதைக்குத் தடை என்று சாய்த்திருந்தார்கள். இருவாட்சி தின்ன அந்தச் சரிவில் ஒரு பழம் இல்லை.

"பறஞ்ச மாதிரி விட்டாச்சு இல்லியா?" என்றார் அதிகாரி, சந்தோஷமாக. வெட்டவெளியில் கொண்டைக்குருவிகள் அதற்குள் கத்த ஆரம்பித்திருந்தன. யாரைத் திட்டுவது?

காலையிலிருந்து அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஆண் வரவில்லை. கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது இடுக்கில் அலகு நுனி தெரிந்தது. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.